கை வைத்தவர்கள்: ஹேக்கர் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் வந்த கதை

வங்கிக் கணக்கிலிருந்து பணத்தைத் திருடுபவரையும் செய்தித்தாள்கள் ஹேக்கர் என்றே எழுதுகின்றன. பொறியியல் கல்லூரிகளோ மாணவர்களை இரவு முழுதும் உட்காரவைத்து, ஹேக்கத்தான் என்ற நிரல் எழுதும் போட்டி நடத்திப் பரிசும் கொடுக்கின்றன. ஒரே சொல்லுக்கு எதிரெதிரான இரண்டு பொருள் எப்படி வந்தது, அந்தச் சொல்லைப் பெற்றெடுத்த தொடக்ககாலக் கணினிக் குழுக்கள் எவை, அவற்றின் தாக்கம் இன்று எதில் தெரிகிறது என்பது கேள்வி. முதலில் அது நல்ல சொல்லாக இருந்தது, 1980களில் பத்திரிகைகள் அதைக் கெடுத்துவிட்டன என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை. அது பாதி உண்மை மட்டுமே என்பது என் கருத்து. தமிழில் 'கை வைத்தான்' என்றால் ஒரு வேலையைத் தானே இறங்கிச் செய்யத் தொடங்கினான் என்றும் பொருள் கொள்ளலாம், கல்லாப்பெட்டியில் திருடினான் என்றும் பொருள் கொள்ளலாம். ஹேக்கர் என்ற சொல்லும் ஏறக்குறைய அப்படித்தான். அதன் இரண்டு பொருளும் ஒரே இடத்தில், ஒரே ஆட்களிடையே, ஒரே ஆசையிலிருந்து பிறந்தவை. இயந்திரத்தின் மீது கை வைக்க வேண்டும் என்பதே அந்த ஆசை.

அந்த இடம் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம். எம்.ஐ.டி. என்றதும் நம்மில் பலருக்குக் குரோம்பேட்டைதான் நினைவுக்கு வரும் என்பதால், இங்கே அதைக் கழகம் என்றே குறிப்பிடுகிறேன். இரண்டாம் உலகப் போரின்போது ராடார் ஆராய்ச்சிக்காக 1943இல் அங்கே அவசரமாக ஒரு மரக்கட்டடம் எழுப்பப்பட்டது. அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. 20ஆம் எண் கட்டடம் என்றே அழைத்தார்கள். போர் முடிந்ததும் இடித்துவிடுவதாக இருந்த அந்தக் கட்டடம் 1998 வரை நின்றது. எப்படியும் இடிபடப் போகிற கட்டடம் என்பதால், அங்கே இருந்தவர்கள் சுவரில் துளை போட்டுக் கம்பி இழுப்பதற்கு யாரும் பெரிதாகத் தடை சொல்லவில்லை. இந்தச் சிறு விவரம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பளிங்குத் தரையும் காவலாளியும் உள்ள கட்டடத்தில் இந்தப் பண்பாடு பிறந்திருக்குமா என்பது ஐயமே.

அந்தக் கட்டடத்தின் ஓர் அறையில் மாணவர்களின் மாதிரி ரயில் சங்கம் இயங்கியது. 1946இல் தொடங்கப்பட்ட அந்தச் சங்கத்தில் இரண்டு வகையான உறுப்பினர்கள் இருந்தார்கள். ஒரு சாரார் பெரிய மேசையின் மேல் குட்டி ரயில்களையும் மலைகளையும் ஊர்களையும் அமைத்து, வண்ணம் பூசி மகிழ்ந்தவர்கள். இன்னொரு சாரார் மேசைக்கு அடியில் படுத்துக்கிடந்தவர்கள். எந்தத் தண்டவாளப் பகுதிக்கு எப்போது மின்சாரம் போக வேண்டும், எந்த ரயிலை யார் ஓட்டுவது என்பதைத் தீர்மானிக்கும் கம்பிகளும், மின்சாரத்தாலேயே திறந்து மூடும் ரிலேக்களும், சுவிட்சுகளும் மேசைக்கு அடியில்தான் இருந்தன. 'சமிக்ஞை மற்றும் மின்திறன் துணைக்குழு' என்பது இவர்களுடைய பெயர். தொலைபேசித் துறையிலிருந்து நன்கொடையாகக் கிடைத்த உதிரிப்பாகங்களே இவர்களுடைய மூலப்பொருள். தொலைபேசியின் சுழல் வட்டைத் திருப்பித்தான் ரயில் பாதையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே, கணினி இவர்கள் கைக்கு வருவதற்கு முன்பே தொலைபேசி வந்துவிட்டது. கதையின் பிற்பகுதிக்கு இது தேவைப்படும்.

'ஹேக்' என்ற சொல்லைப் புதுப்பொருளில் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களும் இவர்கள்தான். சங்கத்தின் உறுப்பினரான பீட்டர் சாம்சன் 1959இல் அவர்களுடைய குழூஉக்குறிகளைத் தொகுத்து ஒரு சிறு அகராதி எழுதினார். ஆக்கபூர்வமான பயன் எதையும் கருதாமல் செய்யப்படும் வேலை என்ற பொருளை அதில் அந்தச் சொல்லுக்குக் கொடுத்தார். திறமைக்கான பாராட்டும், வேலை வெட்டி இல்லாதவர் என்ற செல்லமான கடிதலும் அதில் சேர்ந்தே இருந்தன. நல்ல ஹேக் என்றால் அதில் நுட்பம் வேண்டும், புதுமை வேண்டும், செய்தவருக்கு இன்பம் கிடைத்திருக்க வேண்டும். பயன் என்பது கடைசியாகக் கேட்கப்படும் கேள்வி.

அந்தக் காலத்தில் கழகத்திலிருந்த பெரிய கணினி ஐ.பி.எம். 704. அதை மாணவர்கள் தொட முடியாது. நிரலைத் துளை அட்டைகளில் குத்தி, இயக்குநரிடம் கட்டாகக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். விடை வருவதற்குப் பல மணி நேரம் ஆகும். ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் மறுபடி அட்டை குத்த வேண்டும். கருவறைக்குள் அர்ச்சகர் மட்டுமே செல்லலாம், மற்றவர்கள் தட்டை நீட்டிவிட்டு வெளியே நிற்க வேண்டும் என்ற முறைதான் அது. அந்த மாணவர்களே இயக்குநர்களைப் பூசாரிகள் என்றுதான் சொன்னார்கள். 1958இல் கழகத்துக்கு இரவலாக வந்த டி.எக்ஸ்-0 என்ற கணினி இந்த நிலையை மாற்றியது. ராணுவ ஆராய்ச்சிக்காக லிங்கன் ஆய்வகத்தில் 1956இல் உருவான அந்த டிரான்சிஸ்டர் கணினியின் முன்னால் ஒருவர் நேரடியாக உட்காரலாம், நிரலைத் துளைகளாகப் பதித்த காகிதச் சுருளான துளைநாடாவைத் தானே செலுத்தலாம், தவறு நேர்ந்தால் அங்கேயே திருத்தி மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். அதனுடன் ஓர் ஒலிபெருக்கியும் இணைக்கப்பட்டிருந்ததால், பழகியவர்கள் நிரல் எந்த இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைக் காதாலேயே அறிந்தார்கள். ரயில் சங்கத்தின் முன்னாள் உறுப்பினரான ஜாக் டென்னிஸ் மாணவர்களை அதன் அருகே அனுமதித்தார். பகலில் ஆய்வாளர்கள் நேரத்தைப் பதிவு செய்துவிடுவார்கள் என்பதால் மாணவர்கள் இரவைத் தேர்ந்தெடுத்தார்கள். நிரலாளர் என்றால் இரவில் விழித்திருப்பவர் என்ற, இன்று உலகெங்கும் பரவியுள்ள படிமத்தின் வேர் இதுதான். பகலில் இடம் கிடைக்காததால் ஏற்பட்ட வழக்கம் பின்னால் பெருமையாக மாறியது.

1961இல் டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனம் தன் முதல் கணினியான பி.டி.பி-1ஐக் கழகத்துக்கு வழங்கியது. அதன் விலை சுமார் 1,20,000 டாலர். நினைவகமோ 4,096 சொற்கள், ஒவ்வொரு சொல்லும் 18 பிட்டுகள். கணினி ஒரே தடவையில் கையாளும் தரவு அலகையே இங்கே சொல் என்கிறோம். இவ்வளவு சிறிய இடத்தில் வேலை செய்யும்போது ஒரு கட்டளையைக் குறைத்தாலும் அது வெற்றிதான். ஒருவர் எழுதிய நிரலின் துளைநாடா பொதுவான ஓர் இழுப்பறையில் கிடக்கும். அடுத்தவர் அதை எடுத்து இரண்டு கட்டளைகளைச் சுருக்கி மீண்டும் அங்கேயே வைப்பார். யாருடையது என்ற கேள்வியைவிட எவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது என்ற கேள்வியே அங்கே பெரிதாக இருந்தது. கல்லூரியில் எந்த ஆண்டு படிக்கிறார் என்பதோ, பட்டம் உண்டா என்பதோ கணக்கில் வரவில்லை.

இந்தப் பழக்கம் என்ன தரும் என்பதற்கு 1962இல் உருவான 'ஸ்பேஸ்வார்' விளையாட்டைவிட நல்ல சான்று இல்லை. ஸ்டீவ் ரஸல், மார்ட்டின் கிரெட்ஸ், வெய்ன் வீட்டனென் ஆகிய மூவரின் எண்ணத்தில் பிறந்தது அது. ரஸல் நிரலை எழுதத் தயங்கிக்கொண்டே இருந்தார். சைன், கோசைன் கணிக்கும் துணைநிரல் தன்னிடம் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். உடனே சக ஹேக்கரான ஆலன் கோட்டக் டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனத்துக்கே போய் நாடாவை வாங்கிவந்து அவர் கையில் கொடுத்துவிட்டார். இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுடும் விளையாட்டு திரையில் வந்தது. பின்னணியில் விண்மீன்கள் ஏனோதானோ என்று சிதறிக்கிடப்பது பீட்டர் சாம்சனுக்குப் பிடிக்கவில்லை. உண்மையான இரவு வானத்தின் வரைபடத்தைப் பார்த்து, விண்மீன்கள் ஒளிர்வின் அளவுக்கேற்பத் தெரியும்படி ஒரு நிரல் எழுதிச் சேர்த்தார். டான் எட்வர்ட்ஸ் நடுவில் ஒரு சூரியனை வைத்து, அதன் ஈர்ப்பு விசையால் கலங்கள் வளைந்து செல்லும்படி செய்தார். சுவிட்சுகளைத் தட்டித் தட்டி முழங்கை வலித்ததால், கோட்டக்கும் பாப் சாண்டர்ஸும் ரயில் சங்கத்தின் உதிரிப்பாகங்களைக் கொண்டு கையில் பிடித்து ஆடும் பெட்டிகளைச் செய்தார்கள். இன்று குழந்தைகள் கையிலிருக்கும் விளையாட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியின் முன்னோர்களில் ஒன்று அது. அந்த விளையாட்டை யாரும் விற்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள், கணினியைத் தயாரித்த நிறுவனமே, புதிய இயந்திரம் ஒழுங்காக இயங்குகிறதா என்று சோதிக்க அதை ஓட்டிப் பார்த்தது. அதைப் பார்த்து வியந்தவர்களில் ஒருவரான நோலன் புஷ்னெல் 1971இல் காசு போட்டு ஆடும் வடிவத்தில் ஒன்றை உருவாக்கினார். அடுத்த ஆண்டு அட்டாரி நிறுவனத்தைத் தொடங்கினார். வீடியோ விளையாட்டு ஒரு தொழிலாக மாறியதன் தொடக்கப் புள்ளிகளில் இது ஒன்று.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே மயங்கி நின்றுவிடுவார்கள். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த இரவுக் கூட்டம் ஏறக்குறைய முழுவதும் ஆண்களால் ஆனது. ஒருமுறை அவர்கள் நள்ளிரவில் பி.டி.பி-1இன் உட்புறக் கம்பிகளை மாற்றிப் புதிய கட்டளை ஒன்றைச் சேர்த்தார்கள். மறுநாள் வேலைக்கு வந்த மார்கரெட் ஹாமில்டனின் நிரல், அந்த மாற்றத்தின் காரணமாக இயங்காமல் நின்றது. பின்னாளில் அப்பல்லோ விண்கலத்தின் மென்பொருளுக்குத் தலைமை தாங்கியவர் அவர். இயந்திரம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்றவர்கள், அந்த 'எல்லோரும்' யார் என்று எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பகலில் குடும்பத்தையும் வேலையையும் சேர்த்துப் பார்க்கும் ஒருவர் இரவு மூன்று மணிக்குக் கணினி அறையில் இருக்க முடியாது என்பது எளிய உண்மை. அவர்களுடைய சுதந்திரத்துக்கான செலவும் ராணுவத்திலிருந்து வந்தது. 1963இல் கழகத்தில் தொடங்கிய 'மேக் திட்டம்' என்ற கணினி ஆராய்ச்சி, பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி முகமை கொடுத்த பணத்தில்தான் நடந்தது.

இப்போது தொலைபேசிக்கு வருகிறேன். 1963 நவம்பர் 20 அன்று கழகத்தின் மாணவர் செய்தித்தாள், தொலைபேசி ஹேக்கர்களைப் பற்றி ஒரு செய்தி வெளியிட்டது. ஹேக்கர்கள் எனப்படுவோரால் கழகத்தின் பல தொலைபேசி வசதிகள் குறைக்கப்பட்டுவிட்டன என்பதே அதன் சாரம். ஹார்வர்டுக்கும் கழகத்துக்கும் இடையிலான இணைப்புகளை முழுவதும் அடைத்து வைத்தது, தொலைதூர அழைப்பின் கட்டணத்தை உள்ளூர் ராடார் நிலையம் ஒன்றின் கணக்கில் ஏற்றியது ஆகியவை அதில் கூறப்பட்ட குற்றங்கள். வெளி இணைப்பு எங்கே கிடைக்கும் என்று தேட பி.டி.பி-1 கணினியையே தொலைபேசி வலையுடன் இணைத்தார்களாம். விண்மீன்களை வரைந்த அதே வகைக் கணினி, அதே கழகம், அடுத்த ஆண்டு. சொல்லைப் பத்திரிகைகள் 1980களில்தான் கெடுத்தன என்ற வாதத்தை நான் ஏற்காததற்குக் காரணம் இந்தச் செய்திதான். ரிலேக்களோடு வளர்ந்தவர்களுக்கு, நாடு முழுவதும் பரவிக்கிடந்த தொலைபேசி வலை அவர்கள் அறிந்ததிலேயே மிகப் பெரிய இயந்திரம். அதைத் திறந்து பார்க்கும் ஆசையும் டி.எக்ஸ்-0 முன்னால் உட்காரும் ஆசையும் வேறு வேறல்ல. ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது, மற்றதற்குக் கிடைக்கவில்லை.

கழகத்துக்கு வெளியே இந்த ஆசை தனியாக ஓர் உலகத்தையே உருவாக்கியது. அமெரிக்காவின் தொலைதூரத் தொலைபேசி இணைப்புகளில், நம் ஊரில் டிரங்க் கால் என்று அழைத்தோமே அந்த வகை அழைப்புகளில், ஓர் இணைப்பு ஓய்வாக இருக்கிறது என்பதைக் காட்ட 2,600 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒலி அதே கம்பியில் ஓடிக்கொண்டிருக்கும். பேச்சுக்கும் கட்டுப்பாட்டுக்கும் ஒரே கம்பி என்பதே அந்த அமைப்பின் பலவீனம். கட்டணமில்லா எண்ணை அழைத்துவிட்டு, அதே ஒலியைப் பேசும் குழாயில் எழுப்பினால், தொலைவிலுள்ள இணைப்பகம், அழைத்தவர் தொலைபேசியை வைத்துவிட்டார் என்று எண்ணிக்கொள்ளும். கட்டணம் கணக்கிடும் இடமோ அழைப்பு தொடர்வதாகவே கருதும். அந்த இடைவெளியில் வேறு சில ஒலிகளை அனுப்பி, வேண்டிய ஊரைக் கட்டணமின்றி அழைக்கலாம். இந்த ஒலிகளின் விவரங்களைத் தொலைபேசி நிறுவனமே தன் தொழில்நுட்ப இதழில் 1954இலும் 1960இலும் வெளியிட்டிருந்தது. பொறியாளர்களைத் தவிர யாரும் படிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை.

இந்த வழியைக் கண்டுபிடித்தவர்களில் சிலர் பார்வையற்ற சிறுவர்கள். ஜோ எங்ரெஸியா என்பவர் பிறவியிலேயே பார்வையற்றவர். ஒலியின் சுருதியைத் துல்லியமாக அறியும் திறன் கொண்டவர். ஏழெட்டு வயதிலேயே, ஒரு குறிப்பிட்ட சுருதியில் சீழ்க்கை அடித்தால் தொலைபேசி இணைப்பு துண்டிக்கப்படுவதை அவர் கவனித்தார். அவரைப் போன்றவர்களுக்குப் பணம் மிச்சப்படுத்துவது நோக்கமாக இருக்கவில்லை. தனிமையில் இருந்த அவர்கள் நாட்டின் எங்கெங்கோ இருந்த தம்மைப் போன்றவர்களோடு கூட்டாகப் பேசினார்கள். எந்த ஊர் இணைப்பகம் எந்த ஒலியில் 'கிளிக்' செய்கிறது என்று ரசிகர்கள் ராகம் கண்டுபிடிப்பதைப் போலக் கேட்டறிந்தார்கள். இந்தக் கதையில் என்னை மிகவும் நெகிழச்செய்வது இந்தப் பகுதிதான். காலையும் மாலையும் யாரும் வந்து பேசாத ஒரு சிறுவனுக்கு அந்தக் கம்பிவலை ஒரு பெரிய ஊர்.

1971 அக்டோபரில் எஸ்கொயர் இதழில் இவர்களைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று வந்தது. அதைப் படித்த ஸ்டீவ் வாஸ்னியாக் தன் நண்பர் ஸ்டீவ் ஜாப்ஸை உடனே அழைத்தார். இருவரும் நூலகத்தில் அதிர்வெண் விவரங்களைத் தேடிப் பிடித்து, அந்த ஒலிகளை எழுப்பும் 'நீலப்பெட்டி' எனப்பட்ட கருவியை டிஜிட்டல் முறையில் செய்து மாணவர் விடுதிகளில் விற்றார்கள். நீலப்பெட்டி இல்லாமல் ஆப்பிள் இருந்திருக்காது என்று ஜாப்ஸே பின்னாளில் ஒரு நேர்காணலில் கூறினார். சட்டத்துக்குப் புறம்பான அந்தப் பெட்டியே அவர்களுடைய முதல் வணிகம்.

கலிபோர்னியாவில் இந்த ஆசை அரசியலோடு கலந்தது. வியட்நாம் போர் எதிர்ப்பில் ஊறிய இளைஞர்களுக்குக் கணினி என்றால் ராணுவமும் பெரிய நிறுவனங்களும் மக்களை எண்ணாக மாற்றும் கருவி. 1972இல் மென்லோ பார்க்கில் பாப் ஆல்பிரெக்ட் தொடங்கிய மக்கள் கணினி நிறுவனம், கணினிகள் மக்களுக்காக அன்றி மக்களுக்கு எதிராகவே பெரும்பாலும் பயன்படுகின்றன, இதை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று தன் செய்தி இதழின் முகப்பிலேயே எழுதியது. 1973இல் பெர்க்லியில் ஓர் இசைத்தட்டுக் கடையில் லீ ஃபெல்சன்ஸ்டைனும் நண்பர்களும், தட்டச்சு செய்ததைக் கம்பி வழியே அனுப்பி, வரும் செய்தியைக் காகிதத்தில் அச்சிடும் ஒரு டெலிடைப் இயந்திரத்தை வைத்து, சான்பிரான்சிஸ்கோவிலிருந்த பெரிய கணினியோடு தொலைபேசி வழியே இணைத்தார்கள். கடைக்கு வருபவர் யாராக இருந்தாலும் செய்தி எழுதலாம், பிறர் எழுதியதைத் தேடலாம். இசைக்குழுவுக்கு ஆள் தேவை என்ற அறிவிப்போடு, கவிதையும் வம்பும் புனைபெயர்ச் சண்டையும் அதில் வந்தன. முகநூலில் இன்று நாம் காணும் அத்தனை குணங்களும் அந்த டெலிடைப் காகிதத்தில் அப்போதே இருந்தன.

1975 ஜனவரியில் பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ் இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 வந்தது. சில நூறு டாலருக்குத் தபாலில் வரும் உதிரிப்பாகங்களை நாமே பற்றவைத்துக் கணினி செய்துகொள்ளலாம். விசைப்பலகை இல்லை, திரை இல்லை, நினைவகம் 256 பைட்டுகள். முன்புறச் சுவிட்சுகளைத் தட்டினால் விளக்குகள் எரியும், அவ்வளவுதான். ஆனால் அது ஒருவருடைய சொந்தக் கணினி. அதே ஆண்டு மார்ச் 5 அன்று மென்லோ பார்க்கில் கோர்டன் ஃபிரெஞ்சின் கார் நிறுத்துமிடத்தில் 32 பேர் கூடி ஹோம்ப்ரூ கணினிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதைக் கூட்டியவர்களில் ஒருவரான ஃபிரெட் மூர், 1959இல் கல்லூரியில் கட்டாய ராணுவப் பயிற்சியை எதிர்த்து உண்ணாநோன்பு இருந்தவர். சில வாரங்களில் ஸ்டீவ் டோம்பியர் தன் ஆல்டேரைக் கொண்டுவந்தார். சுவிட்சுகளால் நிரலை ஏற்றி, பக்கத்தில் ஒரு சாதாரண ரேடியோவை வைத்தார். கணினியின் மின்னிரைச்சல் ரேடியோவில் பீட்டில்ஸ் பாடலாக ஒலித்தது. கூடியிருந்தவர்கள் எழுந்து கைதட்டினார்கள். வாஸ்னியாக் தன் ஆப்பிள் 1இன் மின்சுற்று வரைபடத்தை இந்தச் சங்கத்தில்தான் நகலெடுத்து எல்லோருக்கும் கொடுத்தார்.

இந்தக் கூட்டத்துக்குள்தான் பிளவும் வந்தது. பில் கேட்ஸும் பால் ஆலனும் ஆல்டேருக்காக எழுதிய, பேசிக் என்ற நிரல்மொழிக்கான மென்பொருளின் துளைநாடா ஒன்று விற்பனைக்கு வருமுன்பே ஒரு கண்காட்சியில் கைமாறி, நகலெடுக்கப்பட்டு, சங்கத்தில் வாரி வழங்கப்பட்டது. ஒருவர் ஒரு நாடா எடுத்தால் அடுத்த முறை இரண்டாகத் திருப்பித் தர வேண்டும் என்பது எழுதப்படாத விதி. 1976 பிப்ரவரி 3 தேதியிட்ட பகிரங்கக் கடிதத்தில் கேட்ஸ், உங்களில் பெரும்பாலோர் மென்பொருளைத் திருடுகிறீர்கள் என்று நேரடியாக எழுதினார். ஊதியமின்றி யார் தொழில்முறை வேலை செய்வார்கள் என்று கேட்டார். ஓராண்டு உழைப்பைக் கொட்டியவரின் கோபம் அது, அதில் நியாயம் இருந்தது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் இழுப்பறையில் நாடா கிடக்கும் உலகில் வளர்ந்த வழக்கத்துக்கு அந்தக் கேள்வியே அந்நியமானது. அதற்கு வந்த மறுமொழிகளுள் சிறந்தவை கடிதங்களாக வரவில்லை, நிரல்களாக வந்தன. 1976இல் லீ-சென் வாங் தான் எழுதிய சிறு பேசிக் நிரலின் தலைப்பில், அனைத்து உரிமைகளும் காக்கப்பட்டவை என்ற வழக்கமான வாசகத்தைப் புரட்டிப்போட்டு, அனைத்துத் தவறுகளும் காக்கப்பட்டவை என்று எழுதினார். பக்கத்தில் 'காப்பிலெஃப்ட்' என்ற சொல்லையும் வைத்தார். தமிழில் இன்று காப்புரிமைக்கு எதிர்ச்சொல்லாக அளிப்புரிமை என்று வழங்குகிறோமே, அந்தச் சொல்லின் மூலம் இதுதான்.

அந்தச் சொல்லுக்குச் சட்ட வடிவம் கொடுத்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். அவர் 1971இல் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் சேர்ந்தபோது, அங்கே ஹேக்கர்கள் தாமே எழுதிய இயங்குதளம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் கடவுச்சொல் இல்லை. கணினியை யார் வேண்டுமானாலும் முடக்கும் கட்டளைகூட இருந்தது. எவரும் செய்யக்கூடிய ஒன்றைச் செய்வதில் பெருமை இல்லை என்பதால் வேண்டுமென்றே முடக்குவதில் யாருக்கும் ஆர்வம் எழவில்லை. பிறகு ஆய்வகத்தின் பெரும்பாலானோர் இரண்டு புதிய நிறுவனங்களாகப் பிரிந்து வெளியேறினார்கள். புதிதாக வந்த லேசர் அச்சுப்பொறியில் காகிதம் சிக்கினால் பயனருக்குத் தெரிவிக்கும்படி அதன் நிரலைத் திருத்த ஸ்டால்மன் விரும்பியபோது, மூலநிரல் தர மறுக்கப்பட்டது. யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று கையொப்பமிட்டிருந்த ஒருவர் சொன்ன மறுப்பு அது. 1983 செப்டம்பர் 27 அன்று, எவரும் திருத்திப் பகிரக்கூடிய ஓர் இயங்குதளத்தை எழுதும் குனு திட்டத்தை அவர் அறிவித்தார். நிரலை எவரும் எடுத்துத் திருத்தலாம், ஆனால் திருத்தியதைப் பிறருக்குத் தரும்போது அதே உரிமையோடு தர வேண்டும் என்ற குனு பொது உரிமம் 1989இல் வந்தது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் என்ற இயங்குதளக் கருநிரல் அடுத்த ஆண்டு அந்த உரிமத்தை ஏற்றது. ஆண்டிராய்டு கைபேசியின் அடித்தளத்தில் ஓடுவதும், இணையத்தின் பெரும்பகுதிச் சேவையகங்களில் ஓடுவதும் அந்த லினக்ஸ் கருநிரலே. ஓர் இழுப்பறையின் வழக்கம் உரிமப் பத்திரமாகி நம் சட்டைப்பை வரை வந்திருக்கிறது.

சொல்லின் மற்றொரு கிளை 1980களில் சட்டத்தோடு மோதியது. மோடமும் வீட்டுக் கணினியும் பெருகியபின், பதின்ம வயதினர் நிறுவனங்களின் கணினிகளுக்குள் நுழைந்த செய்திகள் 1983 முதல் பரவலாயின. 1986இல் அமெரிக்கா கணினி மோசடிச் சட்டத்தை இயற்றியது. 1988 நவம்பர் 2 அன்று ராபர்ட் மோரிஸ் என்ற ஆய்வு மாணவர் ஏவிய, கணினிக்குக் கணினி தானாகவே பரவும் புழுநிரல் ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. அந்தச் சட்டத்தின்கீழ் அவர் தண்டிக்கப்பட்டார். அது ஏவப்பட்ட இடமும் கழகத்தின் கணினிதான் என்பது குறிப்பிடத்தக்கது. ஜெர்மனியில் இதே கிளை வேறுவிதமாக வளர்ந்தது. 1981இல் பெர்லினில் தொடங்கிய கேயாஸ் கணினிச் சங்கம், 1984இல் அஞ்சல் துறையின் கணினிச் சேவையில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி ஒரே இரவில் ஒரு வங்கியின் கணக்கிலிருந்து சுமார் 1,35,000 மார்க் ஈட்டி, அதை மறுநாளே ஊடகங்களுக்கு அறிவித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. குற்றத்தின் வழியிலேயே சென்று குறையை அம்பலப்படுத்தும் இந்த முறையிலிருந்து, இன்று நிறுவனங்களே பரிசு கொடுத்துப் பிழை கண்டறியச் சொல்லும் வழக்கம் வரை ஒரு நேர்கோடு தெரிகிறது.

ஐரோப்பாவில் இன்னொரு கிளையும் உண்டு. கமோடோர் 64, அமிகா ஆகிய வீட்டுக் கணினிகளின் விளையாட்டுகளில் இருந்த நகல் தடுப்பை உடைத்தவர்கள், உடைத்தது தாங்களே என்று காட்ட விளையாட்டின் முன்னால் அசையும் எழுத்துகளும் இசையும் கொண்ட சிறு கையொப்பக் காட்சியைச் சேர்த்தார்கள். நாளடைவில் உடைப்பது பின்னுக்குப் போய்க் கையொப்பமே கலையாயிற்று. 64 கிலோபைட்டுக்குள், சில போட்டிகளில் 4 கிலோபைட்டுக்குள், ஒளியும் ஒலியுமாக ஒரு முழுக் காட்சியை நிகழ்த்தும் அந்தக் கலையை 2020இல் ஃபின்லாந்து தன் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அடுத்த ஆண்டு ஜெர்மனி சேர்த்தது.

தமிழுக்கு இதில் பங்கு உண்டா என்றால், கேம்பிரிட்ஜிலோ கலிபோர்னியாவிலோ தேட வேண்டியதில்லை. 1998 பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்திலிருந்து முனைவர் கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தைச் சொல்வேன். வெவ்வேறு நாடுகளில் இருந்த தமிழர்கள் ஊதியமின்றிப் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள், ஒருவர் செய்ததை மற்றவர் பிழை திருத்தினார்கள், எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி வைத்தார்கள். சங்க நூலொன்றின் ஒரு வரியைத் தேட இன்று சில நொடிகள் போதுமென்றால் அதற்கு அவர்களும் காரணம். அவர்களில் பலர் நிரலாளர்கள் அல்லர். ஆனால் எடுத்ததைத் திருத்தி மீண்டும் பொதுவில் வைப்பது என்ற வழக்கம் அதேதான்.

தொடக்கத்தில் சொன்ன ஹேக்கத்தானுக்கும் ஒரு பிறப்பிடம் உண்டு. 1999 ஜூனில் ஓப்பன்பி.எஸ்.டி. இயங்குதளத்தை எழுதுவோரில் பத்துப் பேர் கனடாவின் கால்கரி நகரில் கூடி வேலை செய்ததற்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அவர்கள் எழுதியது, தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் மறையாக்க நிரல். அதை அமெரிக்காவில் எழுதினால் அன்றைய ஏற்றுமதிச் சட்டத்தின்படி பிற நாடுகளுக்குத் தருவதில் சிக்கல் வரும் என்பதால், எல்லைக்கு வடக்கே போய் எழுதினார்கள்.